எக்ஸ்

ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எட்டு வயது மருமான் தலையை என் மடியில் சாய்த்தான். வலது காதுக்கு மேல் ஒரு வீக்கம். மெல்ல அழுத்தினேன். அடியில் எலும்பு தட்டுப்படவில்லை.

திருச்சியில் ஒரு லாபில் சதைத் துணுக்கைப் பார்த்து நாள்பட்ட எலும்பு அழற்சி என்று எழுதினார்கள். ஒரு மாதம் மருந்து. வீக்கம் அப்படியே இருந்தது. வேறொரு சர்ஜன் சந்தேகப்பட்டு ஒரு பெயர் சொன்னார்: லாங்கர்ஹான்ஸ் அணு ஹிஸ்டியோஸைட்டோஸிஸ். மெழுகில் பதித்த துணுக்கு வேலூருக்குப் போயிற்று. பதில் வரப் பன்னிரண்டு நாள். காவிரிப் பாலத்தில் ஊர்ந்த பஸ்களில் உட்கார்ந்து அந்தப் பெயரைப் பற்றிப் படித்தேன்.

ஹிஸ்டியோஸைட் என்பது திசுக்களில் தங்கி, கிருமியையும் கழிவையும் விழுங்குகிற, அல்லது மற்ற அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கிற வெள்ளணு இனம். 1868ல் பெர்லினில் மாணவனாக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தோலில் தங்க உப்பை ஏற்றிக் கிளைவிட்ட அணுக்களைக் கண்டான். நரம்பு என்று நினைத்தான். 1953ல் லிக்டன்ஸ்டைன் தனித்தனிப் பெயரில் கிடந்த மூன்று நோய்களை ஒன்றாக்கி 'ஹிஸ்டியோஸைட்டோஸிஸ் எக்ஸ்' என்றார். காரணம் தெரியாததால் எக்ஸ். ஒரு கவிதையைப் பார்த்தவுடன் ஸர்ரியலிஸம் என்று சீட்டு ஒட்டிவிடுகிற நம் விமர்சகர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இந்த நேர்மை இருந்ததில்லை.

பிறகு எக்ஸ் போய் லாங்கர்ஹான்ஸ் வந்தார். 2010ல் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பிராஃப் என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. அத்தோடு ஒரு வேடிக்கை: கெட்டுப்போகிற அணு தோலிலிருந்து வருவதல்ல, எலும்பு மஜ்ஜையில் பிறப்பது என்கிறார்கள். புதுப் பெயரும் முழுக்கச் சரியில்லை.

பாங்க்கில் கையெழுத்தை ஒப்பிடுவது என் வேலை. நோய்க்கூற்று நிபுணர் செய்வதும் அதுதான் போலிருக்கிறது. காப்பிக்கொட்டை போல நடுவில் கோடு விழுந்த உட்கருக்கள், சுற்றிலும் ஈயோஸினோஃபில்கள். அது மட்டும் போதாது. சிடி1ஏ, லாங்கரின் என்ற இரண்டு புரதங்களும் பழுப்பாகச் சாயம் ஏற்றுக்கொள்ள வேண்டும். கையெழுத்து ஒத்திருந்தாலும் முத்திரையும் வேண்டும்.

வேலூர்ப் பதிலில் இரண்டும் இருந்தன.

"புத்தா, இல்லையாண்ணா? ஒரே வார்த்தைல சொல்லு."

புஸ்தகத்தில் கட்டிகளோடுதான் சேர்த்திருக்கிறார்கள். ஒரே எலும்பில் இருந்தால் சுரண்டிவிட்டாலே ஆறிவிடுகிறது. சில சமயம் தானாகவும். ஈரல், மண்ணீரல், மஜ்ஜை என்று இறங்கினால் கைக்குழந்தைகளைக் கொன்றும் இருக்கிறது. இதில் எந்த ஒரு வார்த்தையை எடுத்து அவளிடம் கொடுப்பது?

"இல்லை" என்றேன். பையனுக்கு ஒரே எலும்பில்தான். சுரண்டினார்கள். ஆறிவருகிறது.

டாக்டர் மட்டும் ஒன்று கேட்டார்: ராத்திரியில் எழுந்து தண்ணீர் குடிக்கிறானா? பிட்யூட்டரியைத் தொட்டுவிட்டால் அடங்காத தாகம் வருமாம். இல்லை என்றோம். இப்போதும் அவன் இருட்டில் கூஜாவைத் தடவுகிற சப்தம் கேட்டால் தங்கை எழுந்து விளக்கைப் போடுகிறாள். எத்தனை டம்ளர் என்று எண்ணுகிறாள்.