பழகிய இரும்பு

புதியதே உறுதியானது என்பது பொதுவான எண்ணம். வார்ப்பிரும்பு அதனை மறுக்கின்றது.

இயந்திரத்தின் உடல் வார்க்கப்படும்போது மெல்லிய சுவர்கள் விரைந்தும் தடித்த பகுதிகள் தாமதித்தும் ஆறுகின்றன. அவ்வேற்றத்தாழ்வு இரும்பினுள் தகைப்பாக உறைந்துவிடுகின்றது. பின்னாளில் வெப்பமும் அமுக்கமும் மிகும்போது அதுவே வெடிப்பாகின்றது. ஆகவே, பந்தயத் திடலிலே தோன்றும் வெடிப்பின் வித்து, பெரும்பாலும் வார்ப்பாலையிலேயே விழுந்துவிடுகின்றது எனலாம்.

1983இல் நெல்சன் பிக்கே உலகப் பட்டம் வென்ற பிரபாம் காரிலே பி.எம்.டபிள்யூ இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. அதன் உடல், வீதியில் ஓடும் சாதாரணக் காருக்குரிய வார்ப்பே. ஒன்றரை லீற்றர் கொள்ளளவு 600 குதிரைவலுவுக்கு மேல் ஈந்தது. அத்தகைய பளுவைத் தாங்குதற்குப் பவுல் ரோஷேயின் குழுவினர் நாடியவை, ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடிக் களைத்த பழைய உடல்களை! பன்முறை சூடேறி ஆறியமையால் அவற்றின் தகைப்புத் தணிந்திருந்தது.

வெடித்ததைத் திருத்துவோரும் பொறுமையையே கைக்கொள்வர். பிளவின் முனைகளில் துளையிட்டு, அது மேலும் ஓடாது தடுப்பர். பின்னர் பிளவின் வழியே புரியாணிகளை ஒன்றையொன்று கவ்வுமாறு முறுக்கித் தைப்பர். அவசரத்தில் உருக்கி ஒட்டினால், திடீர்ச் சூடும் குளிரும் ஒட்டின் அருகே புதிய வெடிப்பை விளைவிக்கும்.

உழைத்துத் தேய்ந்ததெனப் பிறர் ஒதுக்கிய இரும்பே அன்று வாகை சூடிற்று. தாங்கிப் பழகியதன் வலிமை வெளிப்பார்வைக்குப் புலப்படுவதில்லை.