தரை

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "நடக்க முடியுதா?" என்றுதான் கேட்கிறார்கள். முடிகிறது. அறுவை சிகிச்சைக்கு மறுநாளே வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்திவிட்டார்கள். நடை திரும்பிவிட்டது. தரைதான் திரும்பவில்லை.

எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். பள்ளியில் படிக்கும்போது கன்னத்தில் செந்தடிப்பும் மூட்டு வலியுமாகத் தொடங்கியது. சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை அதிக அளவில் தந்தார்கள், காப்பாற்றியும்விட்டது. அதே ஸ்டீராய்டு தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடக்கூடும். எனக்குக் கெடுத்தது. எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்த ஆண்டில் அந்த எலும்பு செத்து அமுங்கிப்போனது. மாத்திரையின் மேல் எனக்குக் கோபமில்லை. அது இல்லாவிட்டால் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

அந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தினார்கள். இப்போது இடுப்பில் ஒரு கிண்ணம், அதற்குள் சுழலும் உருண்டை. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி நிலைநாட்டிய முறையின் வழிவந்தது. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கினாலோ, காலைக் குறுக்கே போட்டாலோ உருண்டை நழுவிவிடலாம். ஆகவே சம்மணம் கூடாது, குந்தக் கூடாது. தூங்கும்போது தொடைகளுக்கு நடுவே தலையணை. சில மாதம் கழித்துச் சிலருக்கு இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதுண்டு. என் மருத்துவரோ, தரையில் உட்காருவதை மறந்துவிடு என்கிறார். சிறு வயதில் பொருத்திய மூட்டு. தேயாமல் காக்கிற வரைக்கும் அடுத்த அறுவை தள்ளிப்போகும்.

மறக்கத்தான் முடியவில்லை. எங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்த கல்; கால்படக் கால்படப் பளபளப்பு ஏறும், சித்திரையிலும் சில்லென்று இருக்கும். வெயில் பட்டால் லூபஸ் கிளம்பிவிடும் என்பதால், மற்றப் பிள்ளைகள் தெருவில் ஆடிய பொழுதெல்லாம் நான் அந்தக் கல்லில்தான் கிடந்தேன். குப்புறப் படுத்தபடி கணக்குப் போடுவேன். நீண்ட நிரூபணம் மேசையில் அடங்காது. தாள்களைச் சுற்றிலும் பரப்பி, நடுவில் உட்கார்ந்து, இங்கும் அங்கும் நகர்ந்து, எந்த வரியில் அறுந்தது என்று தேடவேண்டும். மேசையில் ஒரு தாள்மேல் இன்னொன்று ஏறிக்கொள்கிறது. எனக்கு முந்தின வரி மறந்துபோகிறது.

விடுதியிலும் அப்படித்தான். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் தரையில் வட்டமாக உட்கார்ந்து படிப்போம். யாருடைய தட்டிலும் யாரும் கைவைப்போம். நான் திரும்பி வந்ததும் எனக்கு உயரமான நாற்காலி போட்டார்கள். எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று அவரவரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த வட்டம் போயிற்று.

விடுமுறையில் ஊருக்குப் போனால் அப்பத்தா இன்னும் மறந்துபோய், முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தரையைத் தட்டி, "இங்கன வந்து உக்காரு ஆத்தா" என்கிறாள். பிறகு ஞாபகம் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு தானே எழப் பார்ப்பாள். எழவிடாமல் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அவள் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு அவளோடு பேச எனக்குக் கூசுகிறது.