சுமோவுக்கு வழி

"சுமோ வருது, ஓரமா நில்லுட்டி." எனக்குத் தெரிந்த முதல் சாலை விதி இதுதான். தொண்ணூறுகளின் கடைசியில், நான் வளர்ந்த கோவில்பட்டியில் டாடா சுமோவைப் பற்றி ஆளுக்கொரு சொலவடை வைத்திருந்தார்கள். சுமோவுக்கு பிரேக் கிடையாது. சுமோவில் வருகிறவன் ஒன்று கட்சிக்காரன், இல்லையென்றால் கட்டப்பஞ்சாயத்துக்காரன். சினிமாவும் அரிவாள்காரர்களை அதிலிருந்துதான் இறக்கியது; சண்டையில் வெடித்துப் பறந்ததும் அதேதான். பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு: "ரொம்ப ஆடுனா வாசல்ல சுமோ வந்து நிக்கும்." காதலித்துப் போன பெண்ணைச் சொந்தக்காரர்கள் போய்த் தூக்கிவருவதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

1994இல் வந்த வண்டி அது. கம்பெனித் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கர் பெயரைச் சுருக்கி வைத்த பெயர். நாங்கள் ஜப்பான் மல்யுத்தக்காரன் பெயர் என்றே நம்பினோம். 2019இல் உற்பத்தி நின்றுவிட்டது. சொலவடைகள் ஸ்கார்ப்பியோவுக்கும் தாருக்கும் கைமாறிவிட்டன.

அப்பா ஒரு பழைய சுமோவை வாடகைக்கு ஓட்டினார். பின்னால் எதிரெதிரே பெஞ்சு சீட்டு, பவர் ஸ்டீயரிங் இல்லை, கண்ணாடியெல்லாம் கறுப்பு ஃபிலிம். பெரும்பாலும் துஷ்டி வீட்டுக்குப் போகும் ஆச்சிகளும், திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போகும் குழந்தைகளும்தான் ஏறுவார்கள். அப்பாவுக்கு முதுகுவலி வந்தபிறகு நான் ஓட்டினேன்.

திருநெல்வேலி நாற்கரச் சாலையில் லாரிகள் எனக்கு ஒதுங்கின. ஹாரன் அடிக்காமலே பைக் பையன்கள் விலகினார்கள். அக்காவின் மாருதி 800ஐ ஓட்டியபோது இதே சாலையில் என்னை மண்ணில் இறக்கியவர்கள்தான் இவர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஊரைப் பயமுறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து, அந்தப் பயத்தில் கொஞ்சம் நானும் எடுத்துக்கொண்டேன்.

2012இல் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே நடப்பது வெளியே தெரிந்தால் குற்றம் குறையும் என்றார்கள். அப்பாவும் நானும் பிளேடால் சுரண்டி எடுத்தோம். பசை போகவே அரை நாளாயிற்று.

மறுநாள் சாலையில் ஒரு லாரி பக்கத்தில் வந்தது. க்ளீனர் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பொம்பளண்ணே!" என்று கத்தினான். லாரி என் பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே வண்டி, அதே வேகம், இரண்டு வருடமாக ஓட்டிய அதே கை. அவர்கள் இத்தனை நாளும் வழிவிட்டது உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்ட எவனோ ஒருவனுக்கு.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று தெரியாமல் கேட்டுவிட்டேன், "நம்ம வண்டி அப்படி யாரையாவது தூக்கிட்டு வந்திருக்காப்பா?"

"ஒரு தடவ. கோயிலுக்குன்னு சொல்லித்தான் வாடகை பேசுனாங்க."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"திரும்பி வரும்போது அந்தப் பிள்ள கடைசி பெஞ்சுல. கண்ணாடியத் தட்டிக்கிட்டே வந்துச்சு. வெளிய ஒருத்தருக்கும் தெரியல."

எந்த ஊர்ப் பிள்ளை, அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.