மாத்திரையும் தேநீரும்

எம் இல்லத்தில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர் எம் அன்னையார். படியேறுகையில் அவருக்கு மூச்சு வாங்கியது. வயதின் களைப்பு என்றெண்ணி வாளாவிருந்தோம். குருதியைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம். பெண்டிர்க்குக் குறைந்தது 12 வேண்டும். பிற நோயேதும் இல்லையெனத் தேர்ந்தபின் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தந்தார். திங்கள் ஒன்று கழிந்தும் அளவு உயரவில்லை.

“எதனோடு விழுங்குகிறீர்கள்?” என வினவினார் மருத்துவர். “தேநீரோடுதான்” என்றார் அன்னையார். அத்தேநீரை அன்போடு ஆற்றித் தந்தவர்கள் யாமே! தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேராவண்ணம் தடுக்கும்; நெல்லி, எலுமிச்சை, கொய்யாவிலுள்ள வைட்டமின் ‘சி’யோ அது சேரத் துணைநிற்கும்.

அன்றுமுதல் மாத்திரைக்குத் துணை எலுமிச்சைச் சாறு. தேநீர் இரண்டு மணி நேரம் கழித்தே. முருங்கைக்கீரையும் ஈரலும் முதலில் அவர் தட்டுக்கே சென்றன. மூன்று திங்களில் 11.5 ஆயிற்று. மாத்திரையை நிறுத்த முற்பட்டோம். உடலின் இருப்பு நிரம்ப மேலும் மூன்று திங்கள் வேண்டும் என்று மருத்துவர் தடுத்தார்.

15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் சோகையுற்றோர் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் இறுதியாக உண்பவர் யார்? அவர் தட்டை இன்றே நோக்குங்கள்.