அழிறப்பரில் ஒரு பெயர்

சிரிப்பு ஒருபோதும் தனித்து வருவதில்லை. சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்னும் இரு வினாக்கள் அதனோடு கூடவே வருகின்றன. கூச்ச சுபாவமுள்ள ஓர் இளைஞனின் காதல் நகைச்சுவைக்குப் பொருளாகும்போது இவ்வினாக்கள் கூர்மை பெறுகின்றன. அவன் விரும்புவது மற்றோர் இளைஞனையாயின் அவை மேலும் கூர்மை பெறுகின்றன. ஏனெனில், அத்தகைய காதலை மேடையும் திரையும் நெடுங்காலமாகக் கேலிப் பொருளாகவே கையாண்டு வந்துள்ளன. காதலை இகழாமல், காதலிப்பவனின் தடுமாற்றத்தை மட்டும் நகைச்சுவையாக்குதல் இயலுமா? 'கியெத்த ஹட்சுகொய்' என்னும் யப்பானியச் சித்திரக்கதை இதற்குத் தக்கதொரு விடையைத் தருகின்றது.

'அழிந்துபோன முதற்காதல்' எனப் பொருள்படும் இக்கதையை வத்தரு ஹினெகுரே எழுத, அருக்கோ சித்திரம் தீட்டினார். 'பெஸ்ஸட்சு மார்கரெட்' என்னும் சஞ்சிகையிலே 2019 முதல் 2022 வரை தொடராக வெளிவந்து, ஒன்பது தொகுதிகளாக இது நூலுருப் பெற்றது. 2021 இல் யப்பானிலும், 2024 இல் தாய்லாந்திலும் தொலைக்காட்சி நாடகமாயிற்று.

கதைக்கரு மிக எளிமையானது. பாடசாலை மாணவனான அவோக்கி, பக்கத்து இருக்கை மாணவி ஹஷிமொட்டோவை மனத்துள் விரும்புகின்றான். ஒருநாள் அவளிடம் இரவல் பெற்ற அழிறப்பரிலே, முன்னிருக்கை மாணவன் இடாவின் பெயர் எழுதப்பட்டிருக்கக் காண்கின்றான். பெயருக்கு அருகே ஓர் இதயக் குறி. அவன் மனம் உடைந்திருக்கும் வேளையிலே அந்த அழிறப்பர் இடாவின் கண்ணிலும் பட்டுவிடுகின்றது. அது அவோக்கியினுடையதே என இடா எண்ணிக்கொள்கின்றான். மறுத்துரைத்தால் ஹஷிமொட்டோவின் இரகசியம் வெளிப்பட்டுவிடும். ஆகவே, தனக்கில்லாத காதலைத் தனதென ஏற்று அவோக்கி மௌனம் சாதிக்கின்றான்.

யப்பானிய மாணவரிடையே ஒரு நம்பிக்கையுண்டு. விரும்பும் ஒருவரின் பெயரை அழிறப்பரில் எழுதி, பிறர் அறியாதவாறு அது தேய்ந்து தீரும்வரை பயன்படுத்திவிட்டால் காதல் கைகூடும் என்பர். 'கெஷிகொமு' என அழைக்கப்படும் அழிறப்பரின் பெயரிலும், கதைத் தலைப்பின் முதற் சொல்லாகிய 'கியெத்த' என்பதிலும் ஒரே சித்திர எழுத்து அமைந்துள்ளமை தற்செயலன்று. பிறர் கண்ணிற் படாதிருந்தாலே காதல் நிறைவேறும் என்கின்றது அந்நம்பிக்கை. கதையோ அதனைத் தலைகீழாக்கி விடுகின்றது. இங்கே பெயர் பிறர் கண்ணிற் பட்ட கணத்திலேதான் காதல் தொடங்குகின்றது.

அக்கணத்திலே இடா நடந்துகொள்ளும் முறையே இக்கதையின் உயிர்நிலை எனலாம். அவன் சிரிக்கவில்லை, தோழர்களைக் கூட்டிப் பரிகசிக்கவுமில்லை. தன்னை விரும்புவதாகத் தான் நம்பிய ஒருவனுக்குப் புண்படாதவாறு என்ன மறுமொழி கூறலாம் எனச் சிந்திக்கின்றான். அந்த நேர்மையே அவோக்கியின் உள்ளத்தை மெல்ல மெல்ல ஈர்க்க, பொய்யாக ஏற்ற காதல் மெய்யாகின்றது. வாசகர் சிரிக்கும் இடங்கள் பல. அவோக்கி முகஞ்சிவந்து உளறுவதும், அற்ப நிகழ்ச்சியைப் பேரிடராகக் கற்பிப்பதும் நகைப்பூட்டுகின்றன. ஆயின், அவன் ஓர் ஆண்மகனை விரும்புகின்றான் என்பது எங்கும் நகைச்சுவைக்குப் பொருளாவதில்லை.

இவ்வகைக் கதைகளின் வரலாற்றை அறிந்தோருக்கு இம்மாற்றத்தின் பெறுமதி விளங்கும். மோத்தோ ஹகியோவின் 'தோமாவின் இதயம்' 1974 இல் வெளிவந்தது. ஜேர்மனிய விடுதிப் பாடசாலை ஒன்றிலே நிகழும் அக்கதை, காதலித்த சிறுவனின் மரணத்துடனேயே தொடங்குகின்றது. 1976 இல் தொடங்கிய கெய்கோ தகெமியாவின் 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' பிரான்சிய விடுதிப் பாடசாலையைக் களமாகக் கொண்டது. அதுவும் துயரத்திலேயே முடிகின்றது. பெண்கள் பெண் வாசகர்க்கெனப் படைத்த இவ்விரு பெரும் படைப்புகளிலும் ஆண்களிடையிலான காதல் தொலைதூர ஐரோப்பாவில் வாழ்ந்தது, சாவோடு பிணைந்திருந்தது. 'கியெத்த ஹட்சுகொய்' அதனைச் சாதாரண யப்பானிய வகுப்பறைக்கு அழைத்து வந்து, மேசையும் கதிரையும் கொடுத்து, உயிரோடும் மகிழ்வோடும் வாழ விடுகின்றது.

இத்தகைய மென்னகை உண்மை நிலையை மூடிமறைக்கின்றது என வாதிடுவோருமுளர். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆண்களின் காதலைப் பெண்கள் தம் கற்பனைக்கு இரையாக்குகின்றனர் என, தன்பாலீர்ப்புடைய ஆடவர் ஒருவர் பெண்ணியச் சிற்றிதழ் ஒன்றிலே 1992 இல் எழுப்பிய கண்டனம் யப்பானிலே நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தது. இக்கதை தொடங்கிய 2019 ஆம் ஆண்டிலேதான் திருமண உரிமை கோரித் தன்பாலிணையர் பல நகரங்களில் வழக்குத் தொடுத்தனர். அவ்வுரிமையை மறுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்திலே போராடிப் பெறவேண்டிய ஒன்றைச் சித்திரக்கதை எளிதாக வழங்கிவிடுகின்றதே என்பது நியாயமான வினாவாகும்.

எனினும், இலக்கியத்தின் பணி நிகழ்வதைப் பதிவுசெய்வதோடு முடிந்துவிடுவதில்லை. எது நிகழக்கூடும் என்பதைக் காட்டுவதும் அதன் பணியே. தொல்காப்பியம் நாணத்தைப் பெண்பாற்கு உரியதாக வகுத்தது. பிற பண்பாடுகளும் ஏறத்தாழ அவ்வாறே வகுத்தன. அதனால் நாணமுடைய ஆண், காதலிக்கும் முன்னரே ஏளனத்துக்கு ஆளாகின்றான். அவோக்கியோ நாணத்தை உதறித் தள்ளி வீரனாகவில்லை. நாணத்தோடும் நடுங்கும் குரலோடுமே தன் மனத்தை உரைக்கப் பழகுகின்றான். தன் உள்ளத்தை அறிய நேர்ந்தவர் சிரிப்பாரோ என அஞ்சும் இளைஞர் எந்த வகுப்பறையிலும் இருக்கக்கூடும். அவர்களது அச்சத்தைத் தீர்க்கும் ஆற்றல் அவர்களிடம் மட்டும் இல்லை. முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்ப்பவரிடமும் இருக்கின்றது.