பெட்டியில் எழுதியிருந்த 525

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஒரு தொலைநோக்கியின் பெட்டி, அதன்மேல் வண்ணமயமான சனிக்கோள், கீழே 525 என்ற எண். “அத்தா, 525 மடங்கு பெரிதாகக் காட்டுமாம். நம்மிடம் உள்ள காசுக்குள் வந்துவிடும்” என்றாள். அவளுடைய இரண்டு பெருநாள் காசும் என் பங்குமாகச் சேர்த்து 5,000 ரூபாய் இருந்தது.

நான் உடனே சரியென்று சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அண்ணனுக்கும் இப்படியொரு பெட்டியைத்தான் வாங்கிக் கொடுத்தேன். குட்டையான முக்காலி, மூச்சுப் பட்டாலே நிலவு ஆடும். அதைப் பார்வைக்குள் கொண்டுவரவே பையன் திணறிப்போனான். ஒரு மாதத்தில் அது பரணுக்குப் போயிற்று. பணம் போனது பெரிதில்லை. அதற்குப்பின் அவன் வானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தனக்கு அது வராது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். தவறு கருவியில் இருந்தது. தேர்ந்தெடுத்த என்னிடமும் இருந்தது.

இம்முறை அவளோடு அங்கேயே அமர்ந்து கணக்குப் பார்த்தேன். அந்தக் கருவியின் ஆடி 76 மில்லிமீட்டர் அகலம். மில்லிமீட்டரில் உள்ள அகலத்தைப்போல் இரண்டு மடங்குதான் பயன்தரும் பெரிதாக்கத்தின் எல்லை, அதாவது 152. அதற்குமேல் போனால் உருவம் பெரிதாகும், கூடவே மங்கிக் குழம்பும். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெரிதாக்கும் கருவியால்தான். அதற்கும் ஆறு நூற்றாண்டுகள் முன்பே, 964இல், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைச் சிறு மேகமாகக் கண்டு குறித்து வைத்தார். அவரிடம் தொலைநோக்கியே இல்லை!

ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: ஒளியை வாங்கும் வில்லை அல்லது ஆடியின் அகலம், கருவியைத் தாங்கும் காலின் உறுதி. பணம் கூடுதலாக இருந்தால் 114 அல்லது 130 மில்லிமீட்டர் ஆடி கொண்ட, மேசைமேல் வைக்கும் டாப்சோனியன் வகை நல்லது. எங்கள் தொகைக்கு அது எட்டாது. எனவே 10x50 பைனாகுலர் ஒன்றை வாங்கினோம். முதல் எண் பெரிதாக்கம், இரண்டாவது வில்லையின் அகலம். இருளில் விரிந்த கண்மணியைவிட ஏறத்தாழ 50 மடங்கு ஒளியை அந்த 50 மில்லிமீட்டர் வாங்குகிறது. படம் நேராகத் தெரியும், வானத்தில் எதையும் தேடிப் பிடிப்பது எளிது. முழங்கைகளை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நிலவுகள்கூடப் புள்ளிகளாகத் தெரிகின்றன.

பிறை பார்க்கவும் இதுவே போதும். ஆனால் ஒன்றைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சூரியன் முழுவதும் மறையும்வரை கருவியை மேற்கே திருப்பவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும்.

தை மாதத்தில் ஒருநாள், இஷா தொழுதுவிட்டு மாடிக்குப் போனோம். கார்த்திகை மீன்கள் ஏறக்குறைய உச்சியில் இருந்தன. வெறும் கண்ணுக்கு ஆறு. பைனாகுலரில் எண்ண முடியவில்லை. அரபியில் அவற்றுக்கு துரய்யா என்று பெயர். நம் வீடுகளில் அது சுரையா. என் தாயாரின் பெயரும் அதுவே.

மகள் கீழே ஓடிப்போய் அவரைக் கைப்பிடித்து மேலே அழைத்து வந்தாள். நாற்காலியில் சாய்ந்தவாறு என் தாயார் வெகுநேரம் பார்த்தார். “இத்தனை பேரா?” என்றார். அண்ணன்காரன் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தான். “நன்னி பார்த்து முடித்ததும் எனக்குக் கொடு” என்றான்.