பால்வெட்டும் பதிப்பும்

மலாக்காவின் ஜாசின் மாவட்டத்து நியாலாஸ் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் அருகிச் செம்பனை பெருகிவிட்டது. ஆயினும் அந்நாளில் நிரை பிடித்துப் பால்வெட்டிய கைகள் சில இன்னும் அங்கே உண்டு. அத்தகைய முதியவர் ஒருவரின் மகன் கணினிக்கல்வி முடித்து, தோழர் இருவருடன் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினான். தமிழ்ப்பள்ளிகளில் மதிப்பெண் பதியவும் வினாத்தாள் ஆக்கவும் உதவும் மென்பொருளே அவர்களின் படைப்பு. வாரந்தோறும் புதிய பதிப்பு வெளிவர வேண்டும் என்பது அவர்கள் கொண்ட துணிபு.

அத்துணிபு வெறும் இளமைத் துடிப்பன்று. அமெரிக்காவில் ஐஎம்வியூ என்னும் நிறுவனம் 2009ஆம் ஆண்டளவில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 முறை தன் மென்பொருளைப் புதுப்பித்து வந்தது. சிறு மாற்றத்தை உடனுக்குடன் வெளியிட்டால் பிழை நேர்ந்த இடம் எளிதில் புலப்படும். பன்னிரு திங்கள் மாற்றங்களை ஒரே மூட்டையாக அவிழ்த்தால், எந்த முடிச்சில் சிக்கல் என்று யார் அறிவார்?

ஆனால் தேர்வுக்கு முதல்நாள் மாலை ஒரு பள்ளியில் புதிய பதிப்பு தானாக வந்து அமர்ந்தது. பொத்தான்கள் இடம்மாறின, சேமித்து வைத்திருந்த வினாத்தாள்கள் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தன. ஆசிரியை ஒருவர் நள்ளிரவு வரை அவற்றைக் கையால் எழுதினார். மறுநாளே அந்த மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டார்.

தமிழுக்கு இவ்வின்னல் புதிதன்று. 1990களில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் வழங்கியது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் புரியாத கோலமாயிற்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன் பின் எத்தனையோ பதிப்புகள்! 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் பழந்தமிழ்ப் பின்னங்கள் உள்ளிட்ட 51 குறிகள் சேர்ந்தன. எனினும், முன்பு எண் பெற்ற தமிழெழுத்து ஒன்றும் இடம் பெயரவில்லை. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் ஒருங்குறிக்கு மாறியது. பழகிய விரல்களுக்கு அஞ்சல் விசைமுறையை மட்டும் விட்டுவைத்தது. உள்ளே மாறலாம், கை பழகியது மாறலாகாது என்னும் இந்த நுட்பத்தைத்தான் அவ்விளைஞன் தவறவிட்டான்.

மகனின் வாட்டத்தைக் கண்ட தந்தை காரணம் கேட்டறிந்தார். மென்பொருள் அவருக்கு விளங்கவில்லை, அவசரம் விளங்கியது.

"கத்தியை அன்றாடம் தீட்டுவோம், தம்பி. மரத்தை ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வெட்டுவோம். நாள்தோறும் வெட்டினால் முதலில் பால் கூடும். பிறகு பட்டை காய்ந்துவிடும்."

நிறுவனத்தில் இப்போது பிழைதிருத்தம் அன்றன்றே நடைபெறுகிறது. முகப்பையோ கோப்பையோ தொடும் மாற்றம் ஆண்டிறுதி விடுமுறைக்குக் காத்திருக்கிறது. அதுவும் விரும்பி முன்வரும் ஆசிரியர் சிலரிடம் சோதித்த பிறகே வெளிவருகிறது. போட்டி நிறுவனங்கள் முந்திவிடுமோ என்னும் அச்சம் தோழர் இருவருக்கும் தீரவில்லை.

நள்ளிரவு வரை எழுதிய அந்த ஆசிரியையிடம் இளைஞன் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தான். அவர் தேநீர் கொடுத்து அன்புடன் பேசினார். மென்பொருளை மட்டும் இன்னும் திரும்ப நிறுவவில்லை.